பள்ளியின் தரத்தை அளப்பது எப்படி?

மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானதும், அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையிலும், அப்பால் பூந்தமல்லி வரையிலும் சாலையோரங்களில் புதிய விளம்பரத் தட்டிகள் எழுகின்றன. பள்ளியின் பெயர், முதல் மூன்று இடம் பெற்ற மாணவர்களின் படங்கள், அவர்கள் வாங்கிய மதிப்பெண்கள், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் '100 விழுக்காடு தேர்ச்சி' என்னும் அறிவிப்பு. இப்பகுதியிலுள்ள தனியார் பள்ளிகளில் பல, எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஒரே வளாகத்தில் நடைபெறுபவை. ஆகவே மூன்று வயதுக் குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோரும் அந்தத் தட்டியைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அந்தக் குழந்தை பிளஸ் டூ தேர்வை எழுத இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன!

இந்த 14 ஆண்டுகளில் ஒரு பிள்ளை பள்ளியில் கழிக்கும் நேரம் எவ்வளவு? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு குறைந்தபட்சக் கணக்கைத் தருகிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 800 மணி. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 1,000 மணி. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் 7,000 மணி நேரம் ஆகிவிடுகிறது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்கும் 1,000 மணி வீதம் வைத்துக்கொண்டால் மொத்தம் 11,000 மணி. இவ்வளவு நேரத்தை ஒரு பள்ளி எப்படிப் பயன்படுத்தியது என்பதை ஒரே ஓர் எண்ணால் சொல்லிவிட முடியுமா? முடியாதென்றால், வேறு எவற்றை அளக்க வேண்டும்? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கேஜும் மைக்ரோமீட்டரும்

1964இல் அமைக்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால், 'கோ–நோகோ கேஜ்' என்பது என்ன என்று அவர்களைக் கேளுங்கள். லேத்தில் கடைந்த தண்டு ஒன்றின் விட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. விட்டம் குறித்த எல்லைக்குள் இருந்தால் கேஜின் ஒரு பக்கம் தண்டின்மேல் நுழையும், மறுபக்கம் நுழையாது. தண்டை ஏற்கலாமா, தள்ளலாமா என்பதை அது நொடியில் சொல்லிவிடும். ஆனால் விட்டம் எவ்வளவு என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும்.

'தேர்ச்சி' என்பது இத்தகைய ஒரு கேஜ்தான். ஒரு பாடத்தில் 35 மதிப்பெண் வாங்கியவரும் 95 வாங்கியவரும் அதற்கு ஒன்றே. அதிலும், வருகிற தண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே நுழைந்துவிடும் அளவுக்குக் கேஜ் தளர்வாக இருந்தால், அது நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. 2025இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 விழுக்காடு. 40 பேர் எழுதிய பள்ளியில் இரண்டு பேர் தவறினால் அப்பள்ளியின் தேர்ச்சி 95 விழுக்காடு. ஒருவர் தவறினால் 97.5, ஒருவரும் தவறாவிட்டால் 100. ஒரு மாணவருக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்ததா இல்லையா என்பதே இங்கு இரு பள்ளிகளின் 'தர வேறுபாடாக' ஆகிவிடக்கூடும்.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020–21ஆம் கல்வியாண்டில் பெரும்பாலான நாட்கள் பள்ளிகள் மூடிக்கிடந்தன. அந்த ஆண்டில் பொதுத்தேர்வுகள் நீக்கப்பட்டு, பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அன்றைய சூழலில் அது தேவையான முடிவாக இருக்கலாம். ஆனால் வகுப்பறைகள் மிகக் குறைவாக இயங்கிய ஆண்டிலேயே மாநிலம் முழுவதும் 100 விழுக்காடு தேர்ச்சி பதிவாயிற்று என்பதை நினைவில் கொள்ளுங்கள். தேர்ச்சி விழுக்காடு கற்றலின் அளவு அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உள்ளே வந்த சரக்கு

சரி, தேர்ச்சியை விட்டுவிட்டுச் சராசரி மதிப்பெண்ணைப் பார்க்கலாம் அல்லவா? அது மைக்ரோமீட்டர் போன்றதுதானே? ஆம், ஆனால் இங்கே வேறொரு சிக்கல் குறுக்கிடுகிறது. நல்ல வார்ப்பை வாங்கும் பட்டறையில் நல்ல பொருள் வெளிவருவது எளிது. ஆகவே ஒரு பட்டறையின் திறமையை மதிப்பிட, வெளியே போகும் பொருளை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே வந்த பொருளையும் பார்க்க வேண்டும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை இந்த உண்மையைப் பெரிய அளவில் முதன்முதலாக எடுத்துக் காட்டியது, 1966இல் அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை. சமூகவியலறிஞர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 4,000 பள்ளிகளில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் ஆராயப்பட்டனர். பள்ளிகளின் கட்டடம், ஆய்வுக்கூடம், செலவு ஆகியவற்றின் வேறுபாடுகளே மதிப்பெண் வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். முடிவு வேறு விதமாக இருந்தது. மாணவரின் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

நம் அண்டை மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் 2008இல் தொடங்கிய அவ்வாய்வில், அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, தனியார் பள்ளியில் படிக்கக் கட்டணம் வழங்கினார்கள். குலுக்கல் என்பதால் இரு பிரிவினரின் குடும்பப் பின்னணியும் சராசரியில் ஒன்றே. நான்கு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, தெலுங்கிலும் கணிதத்திலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிகளில் இந்தி கற்பிக்கப்பட்டதால் அந்தப் பாடத்தில் மட்டும் அவர்கள் முன்னே இருந்தனர். தனியார் பள்ளிகள் ஒரு மாணவருக்குச் செலவிட்ட தொகை மிகக் குறைவு என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. சாதாரணமாக இருவகைப் பள்ளிகளுக்கும் இடையே நாம் காணும் மதிப்பெண் இடைவெளியின் பெரும்பகுதி, பள்ளி உண்டாக்கியது அன்று. பள்ளிக்குள் நுழையும்போதே இருந்தது என்பதே இதன் பொருள்.

ஆகவே ஆறாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் நுழைவுத்தேர்வு வைத்துச் சிறந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி, தன் முடிவுகளைக் காட்டும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இவர்கள் இங்கே வரும்போது எப்படி இருந்தார்கள்?"

பதிவேடு சொல்லும் செய்தி

எல்லா வகுப்புகளும் ஓரிடத்தில் உள்ள பள்ளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரு பிள்ளை நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் அதே பள்ளியின் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரே ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளை ஓர் அணியாகக் கொண்டு, அவர்களைக் கடைசி வரை பின்தொடர்ந்து பார்க்கலாம். மருத்துவ ஆராய்ச்சியில் புதிய மருந்து ஒன்றைச் சோதிப்பவர்கள், சிகிச்சையின் நடுவில் விலகியவர்களையும் கணக்கில் சேர்த்தே விழுக்காடு சொல்ல வேண்டும். பள்ளிக்கும் அதே நெறி பொருந்தும்.

கற்பனையாக இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 2013 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் 100 பிள்ளைகள் சேர்ந்தார்கள். இவர்கள் 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுத வேண்டியவர்கள்.

பள்ளி 'அ': எட்டாம் வகுப்பின் முடிவில் எஞ்சியவர் 85. பத்தாம் வகுப்பில் 60. பன்னிரண்டாம் வகுப்பில் 40. பதினொன்றாம் வகுப்பில் பிற பள்ளிகளிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர் 80. தேர்வு எழுதியவர் 120, தேறியவர் 120.

பள்ளி 'ஆ': எட்டாம் வகுப்பின் முடிவில் 90. பத்தாம் வகுப்பில் 85. பன்னிரண்டாம் வகுப்பில் 80. புதிதாகச் சேர்ந்தவர் 20. தேர்வு எழுதியவர் 100, தேறியவர் 94. இவர்களில் பழையவர் 75, புதியவர் 19.

விளம்பரத் தட்டியில் 'அ' பள்ளி 100 விழுக்காடு. 'ஆ' பள்ளி 94 விழுக்காடு. இப்போது பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் 'அ' பள்ளி கரை சேர்த்தது 40 பேரை. 'ஆ' பள்ளி 75 பேரை. எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் உங்களுக்கு எந்த எண் தேவை? உங்கள் குழந்தை அந்த 80 புதியவர்களில் ஒருவராக இருக்கப் போவதில்லை; நூறு பேர் கொண்ட அணியில்தான் இருக்கப் போகிறது.

எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையே 'அ' பள்ளியில் 25 பேர் எங்கே போனார்கள்? எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் அழைத்து, வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி கூறி, டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. எல்.கே.ஜி. முதல் பதினொரு ஆண்டுகள் கட்டணம் கட்டிய குடும்பம் அது. கற்பித்தலில் நேர்ந்த குறை பள்ளியின் கணக்கிலிருந்து மறைந்து, ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் குறையாக மாறிவிடுகிறது. விளம்பரத் தட்டியில் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. தரத்தை அளக்கும் எந்த முறையும் அந்தப் பிள்ளையை எண்ணிக்கையில் சேர்த்தாக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. பள்ளியை விட்டுச் செல்பவர் எல்லோரும் வெளியேற்றப்பட்டவர்கள் அல்லர். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் காவல் படை மையம் ஆகியவை உள்ளன. அங்குள்ள கேந்திரீய வித்யாலயங்கள், பணிமாறுதலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளைக் கருதி 1963இல் தொடங்கப்பட்ட பள்ளி வரிசையைச் சேர்ந்தவை. தந்தைக்கோ தாய்க்கோ மாறுதல் வந்தால் பிள்ளையும் போகும். நடுவகுப்பில் புதியவர் வருவர். ஆகவே சென்றவர்களை இரு வகையாகப் பிரித்துக் கேட்க வேண்டும்: ஊர் மாறிச் சென்றவர் எத்தனை பேர்? அதே ஊரில் இருந்துகொண்டு வேறு பள்ளிக்குச் சென்றவர் எத்தனை பேர்? இரண்டாவது எண்ணே பள்ளியைப் பற்றிப் பேசுகிறது.

வளர்ச்சியை அளத்தல்

அணியைப் பின்தொடர்வதோடு, ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு வளர்ந்தது என்றும் பார்க்கலாம். கல்வி ஆராய்ச்சியாளர் இதைக் 'கூடுதல் மதிப்பு' முறை என்பர். ஒரே தரமுள்ள சோதனையை ஆறாம் வகுப்பின் தொடக்கத்திலும் எட்டாம் வகுப்பின் முடிவிலும் வைத்ததாகக் கொள்வோம். ஒரு பள்ளியின் சராசரி 70லிருந்து 76 ஆயிற்று. இன்னொரு பள்ளியில் 35லிருந்து 58 ஆயிற்று. கடைசி எண்ணைப் பார்த்தால் முதல் பள்ளி மேல். பயணத்தைப் பார்த்தால் இரண்டாவது பள்ளி மேல்.

இதிலும் கவனம் வேண்டும். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களில் சிலர், அன்று உடல்நலமின்றி வந்தவர்களாக இருப்பர். அடுத்த சோதனையில் பள்ளி எதுவும் செய்யாமலே அவர்கள் மதிப்பெண் உயரும். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களில் சிலருக்கு அன்று தெரிந்த வினாக்களாக வந்திருக்கும். அடுத்த முறை அவர்கள் சற்றுக் கீழிறங்குவர். புள்ளியியலில் இதைச் 'சராசரியை நோக்கிய திரும்பல்' என்பார்கள். இதனால் ஏமாறாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. தொடக்கத்தில் ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளை மட்டுமே பள்ளிக்குப் பள்ளி ஒப்பிட வேண்டும். ஓர் ஆண்டின் முடிவை நம்பாமல் மூன்று, நான்கு ஆண்டுகளின் போக்கைப் பார்க்க வேண்டும்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைபாடுடைய மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று உள்ளது. பிரெய்லி எழுத்தைத் தொட்டுப் படிக்கவும், துணையின்றி நடமாடவும் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு அத்தகைய பள்ளிகள் செய்யும் பணியை எந்த மதிப்பெண் பட்டியல் அளக்கும்? தொடங்கிய இடத்தைக் கணக்கில் எடுக்காத அளவுகோல், கடினமான வேலையைச் செய்பவர்களைப் பார்க்கவே தவறிவிடும்.

இலண்டனின் 12 பள்ளிகள்

குடும்பப் பின்னணியே பெரிது என்றால், பள்ளி எதுவாக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை தேடியவர் ஆங்கில உளநல மருத்துவர் மைக்கேல் ரட்டர். அவரும் உடன் ஆய்வாளர்களும் இலண்டன் நகரின் உட்பகுதியில் 12 உயர்நிலைப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1979இல் ஒரு நூலை வெளியிட்டனர். அதன் தலைப்பு '15,000 மணி' என்று பொருள்படும். ஓர் ஆங்கிலப் பிள்ளை ஐந்து வயது முதல் பள்ளியில் கழிக்கும் நேரம் அது.

அப்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் நுழையுமுன், பத்து வயதிலேயே சோதிக்கப்பட்டிருந்தனர். ஆகவே உள்ளே வந்த நிலை என்ன என்பது ஆய்வாளருக்குத் தெரியும். அதைக் கழித்துப் பார்த்த பின்னரும் பள்ளிக்குப் பள்ளி வருகையிலும், நடத்தையிலும், தேர்வு முடிவிலும் பெரிய வேறுபாடு இருந்தது. பள்ளி ஒரு பொருட்டே என்பது உறுதியாயிற்று.

அந்த வேறுபாட்டோடு எவை தொடர்பு கொண்டிருந்தன? கட்டடத்தின் வயதும் பள்ளியின் பரப்பும் அல்ல. பாடவேளை குறித்த நேரத்தில் தொடங்கியதா, வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்தப்பட்டதா, ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டார்களா, பாராட்டு தாராளமாக இருந்ததா, மாணவர்களுக்குப் பொறுப்புகள் தரப்பட்டனவா, அவர்கள் செய்தவை சுவர்களில் இடம்பெற்றனவா என்பன போன்றவையே. திறமை மிக்க மாணவர் கணிசமாகக் கலந்திருந்த பள்ளிகளுக்கு அது சாதகமாக இருந்தது என்பதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை.

இப்பட்டியலில் உள்ளவை எல்லாம் கண்ணால் காணக்கூடியவை. வாயிலில் நின்று பார்த்தாலே சில தெரியும். ஆகவே விளம்பரத்தில் வரும் நீச்சல் குளத்தைவிட, மணி அடித்து எத்தனை நிமிடத்தில் வகுப்பு தொடங்குகிறது என்பது உங்களுக்கு அதிகம் சொல்லும். ஆசிரியர்–மாணவர் விகிதமும் கேளுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை 30 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. இது இல்லாமல் தரம் வராது. இது இருந்தாலே தரம் வந்துவிடும் என்பதும் இல்லை.

எதைச் சோதிக்கிறோம்?

இதுவரை மதிப்பெண் உண்மையான கற்றலைக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டே பேசினோம். அதையும் சற்று ஆராய வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, 'பிசா' என்னும் சோதனையை 2000 முதல் நடத்தி வருகிறது. பல நாடுகளின் 15 வயது மாணவர்கள் இதில் பங்கு பெறுகின்றனர். பாடநூலில் உள்ளதைத் திருப்பிச் சொல்வதை அது கேட்பதில்லை. படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கிறது.

இச்சோதனையின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவுகள் 2011 டிசம்பரில் வெளியாயின. அவ்வமைப்பின் நாடுகளது சராசரி மூன்று பாடங்களிலும் 500ஐ ஒட்டி இருந்தது. தமிழ்நாட்டின் எண்கள்: வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. அடிப்படை நிலையை எட்டியவர்கள் வாசிப்பில் 17 விழுக்காடு, கணிதத்தில் 15 விழுக்காடு மட்டுமே. அக்காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது! வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று மறுப்புத் தெரிவிக்கப்பட்டது. அந்த மறுப்பில் ஓரளவு நியாயம் இருக்கலாம். இருப்பினும் இவ்வளவு பெரிய இடைவெளியை அதனால் மட்டும் விளக்க முடியாது. தெரிந்த வினாவுக்குத் தெரிந்த விடையை எழுதுவது ஒரு திறன். தெரியாத வினாவைப் படித்துப் புரிந்துகொள்வது வேறொரு திறன்.

இந்த இரண்டாவது திறனை நீங்களே சோதிக்கலாம். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குச் செல்லும் மின்சார ரயில்களின் கால அட்டவணையை எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். காலை 9 மணிக்குச் சென்ட்ரலில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடக்க 15 நிமிடம். கடைசியாக எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பலாம் என்று கேளுங்கள். அட்டவணையைப் படிப்பது, கழிப்பது, காரணம் சொல்வது ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

நான்கு வாயில்கள்

எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரையுள்ள பள்ளியில் நான்கு முக்கிய வாயில்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை போதும்.

முதலாவது, மூன்றாம் வகுப்பு. பிள்ளை வாசிக்கக் கற்றுவிட்டதா? 'ஏசர்' என்னும் ஆய்வைப் 'பிரதம்' அமைப்பு 2005 முதல் நடத்தி வருகிறது. அதன் கருவி மிக எளியது: சில எழுத்துகள், சில சொற்கள், நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறு கதை. 2024 ஆய்வில், நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 48.8 விழுக்காட்டினரே அந்தக் கதையை வாசித்தனர். ஏசர் ஊரக ஆய்வு. அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ அது வருவதில்லை. ஆனால் அந்தச் சோதனையை உங்கள் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். பாடநூலில் இல்லாத கதையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே பாருங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தைச் சரளமாக ஒலித்துவிட்டு, பொருள் சொல்லத் தெரியாமல் விழிப்பதும் உண்டு. தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டதும், எட்டு வயதுக்குள் இந்த அடித்தளத்தை உறுதி செய்வதற்காகவே.

இரண்டாவது, ஆறாம் வகுப்பு. ஒரே ஆசிரியர் என்ற நிலை மாறி, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வரும் இடம். இங்கே குறிப்பேடுகளைப் பாருங்கள். முதல் மாணவரின் குறிப்பேட்டை அல்ல. நடுத்தர மாணவர் ஒருவருடையதை. தவறுகள் சுழிக்கப்பட்டுள்ளனவா? திருத்தி எழுதியதை ஆசிரியர் மறுபடி பார்த்தாரா? எல்லோருடைய ஏட்டிலும் ஒரே விடை எழுத்துப் பிசகாமல் இருந்தால், அது கரும்பலகையிலிருந்து இறங்கிய விடை.

மூன்றாவது, ஒன்பதாம் வகுப்பு. இங்கே கேட்க வேண்டியதை முன்பே கண்டோம்: சென்ற மூன்று ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதினார்கள்?

நான்காவது, பதினொன்றாம் வகுப்பு. அந்த ஆண்டின் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தும் பழக்கம் பரவியிருந்தது. அதைத் தடுக்கவே 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025–26 முதல் அது நீக்கப்பட்டது. ஆகவே இனி இதைக் கவனிக்கும் பொறுப்பு பெற்றோரையும் மாணவரையும் சாரும். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொருவரும் தம் கையால் எத்தனை சோதனைகள் செய்தனர் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சராசரி மறைப்பது

இந்த வாயில்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுநெறியைக் கைக்கொள்ளுங்கள். சராசரியைக் கேட்டபின், கடைசிக் கால்பகுதியினரைப் பற்றியும் கேளுங்கள். 40 பேர் வகுப்பில் 30 பேர் 80 மதிப்பெண்ணும் 10 பேர் 40 மதிப்பெண்ணும் வாங்கினால் சராசரி 70. எல்லோரும் 70 வாங்கினாலும் சராசரி 70தான். இரண்டும் ஒரே வகுப்பா? முதல் வகுப்பில் பத்துப் பேர் பின்தங்கிக்கொண்டிருப்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது.

இது இப்போது மிக அவசரமான கேள்வி. பெருந்தொற்றின்போது தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள், அகரம் பழகும் ஆண்டை வகுப்பறையைக் காணாமலே கழித்தவர்கள். அவர்கள் 2032இல் பிளஸ் டூ எழுதுவார்கள். அதுவரை நடுவிலுள்ள வாயில்களில் அவர்களில் யாரும் சத்தமின்றி உதிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பள்ளியே தரமான பள்ளி.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் இதை ஒரு செயல்திட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரின் இசைவுடன், பெயர்களைக் குறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பதிவேட்டிலிருந்து எடுங்கள். ஓர் ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தோர் எத்தனை பேர், ஒவ்வொரு வகுப்பிலும் எஞ்சியோர் எத்தனை பேர் என்று வரைபடத் தாளில் குறியுங்கள். கோடு எந்த வகுப்பில் சட்டென்று இறங்குகிறது என்று பாருங்கள். பின்னர், அந்த இறக்கத்துக்குக் காரணம் என்ன என்று உங்கள் ஆசிரியர்களோடு அமர்ந்து பேசுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைக்கத் தயங்காத பள்ளியில் உங்கள் தம்பி தங்கையரை நம்பிச் சேர்க்கலாம்.